7 சீட்டர் வண்டிக்கு டிக்கி மேட்: அளப்பதில் தொடங்கிக் கழுவுவது வரை

எங்கள் வண்டி டிக்கியில் இப்போது கிடப்பது மூன்றாவது மேட். முதல் இரண்டும் தண்டச் செலவு. அந்தப் பாடத்துக்கு அப்புறம் மச்சான், சித்தப்பா, பக்கத்து வீட்டு வாத்தியார் என்று கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலுமாக ஐந்தாறு பேருக்குக் கூடவே இருந்து மேட் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். எல்லோரும் தடுக்கியது ஒரே இடத்தில்தான். கடையில் மேட்டைத் தேர்வு செய்துவிட்டு, அதற்கப்புறம் வண்டியின் டிக்கியைத் திறந்து பார்த்தார்கள்.

5 சீட்டருக்கு அப்படி வாங்கினாலும் ஓரளவு தப்பித்துவிடலாம். 7 சீட்டரில் முடியாது. மூன்றாம் வரிசை நிமிர்ந்திருந்தால் டிக்கி ஒன்று, மடங்கியிருந்தால் வேறொன்று. அதனால் கீழே சொல்லும் வரிசையை மாற்றாதீர்கள். ஒரு படியில் கிடைத்த விடையை வைத்துத்தான் அடுத்த படியைச் செய்ய முடியும்.

கையில் வேண்டியவை: தையல் டேப், பழைய செய்தித்தாள் பதினைந்து இருபது தாள், செல்லோ டேப், தடித்த மார்க்கர், கத்தரிக்கோல், வண்டியோடு வந்த மேனுவல், ஆர்.சி. நகல். வண்டி நிழலில், சமதளத்தில் நிற்க வேண்டும். ஒரு மணி நேரம் போதும்.

புது வண்டி டெலிவரி எடுக்கிற அன்றே மேட்டையும் சேர்த்து பில் போட்டுவிடாதீர்கள். டிக்கியை எதற்குப் பயன்படுத்தப் போகிறோம் என்பது ஒரு மாதம் ஓட்டினால்தான் தெரியும். அதுவரை பழைய ஜமுக்காளமும் மேலே ஒரு தார்ப்பாயும் தாராளமாகத் தாங்கும்.

1. போன வருடம் டிக்கியில் ஏறியதையெல்லாம் எழுதுங்கள்

ஏற்றப் போவதாக நினைப்பதை விடுங்கள், உண்மையில் ஏறியதை எழுதுங்கள். வீட்டுப் பெண்களிடம் கேட்டால் பட்டியல் சரியாக வரும். எங்கள் வீட்டுப் பட்டியல் இது: ராயக்கோட்டையிலிருந்து தக்காளி கிரேட், மாமனார் தோட்டத்து மாங்காய், ஊரிலிருந்து அரிசி மூட்டையும் ராகி மூட்டையும், செக்கு எண்ணெய் கேன், ஒகேனக்கல் போய்த் திரும்பும்போது ஈரத் துணியும் மீனும், குலதெய்வம் கோயிலில் கிடா வெட்டுக்கு அண்டா, குண்டான், இரும்பு அடுப்பு, பையனின் சைக்கிள், டிராலி பெட்டிகள்.

இனி ஒவ்வொன்றின் எதிரிலும் நான்கில் ஒன்றைப் போடுங்கள்: ஈரம், எண்ணெய், முனை, தூசி. முனை என்றால் மேட்டைக் குத்துவது, கிழிப்பது. அண்டாவின் அடி வளையம், அடுப்பின் கால், சைக்கிள் ஸ்டாண்ட் எல்லாம் இதில் வரும்.

இதை எதற்குச் செய்கிறோம் என்றால், எந்த மேட் பொருளும் இந்த நான்கையும் ஒரே அளவில் தாங்காது. எது அதிகம் வருகிறதோ அதற்குத்தான் வாங்க வேண்டும். சித்தப்பா பட்டியல் போட்டபோது பெட்டியும் பள்ளிக்கூடப் பையும் தவிர ஒன்றுமில்லை. அவருக்குச் சாதாரண கார்பெட் மேட்டே போதுமானதாக இருந்தது. அதிக விலை டிரேயை, அதாவது தட்டு போல விளிம்பு உயர்ந்த மேட்டை, கையில் எடுத்துவிட்டவர், திருப்பி வைத்துவிட்டு வந்தார்.

2. மூன்றாம் வரிசை எப்படி இருக்கப் போகிறது என்று முடிவு செய்யுங்கள்

இந்தப் படியில் அவசரம் வேண்டாம். மற்ற எல்லாப் படியும் இதன் மேல்தான் நிற்கிறது.

முதலில் உங்கள் வண்டியின் கடைசி சீட் எந்த வகை என்று பாருங்கள். எக்ஸ்யூவி 700, புதிய சஃபாரி, அல்கஸார், இன்னோவா ஹைகிராஸ் போன்றவற்றில் இது பாதி பாதியாகத் தரையோடு படுத்துவிடும். இன்னோவா கிரிஸ்டா, ஃபார்ச்சூனரில் இரண்டாகப் பிரிந்து பக்கச் சுவரோரமாக மேலே ஏறி நிற்கும். ஸ்கார்பியோ-என் போன்றதில் முழு பெஞ்சாக முன்பக்கம் கவிழும். மூன்றுக்கும் மேட் கணக்கு வேறு வேறு.

தரையோடு படுக்கும் வகையில், படுத்த சீட்டின் முதுகுதான் உங்கள் டிக்கித் தரை. அதற்கும் உண்மையான தரைக்கும் நடுவில் ஒரு பள்ளமோ படியோ இருக்கும். அதன் மேல் மெல்லிய மேட்டைப் போட்டு மூட்டையை வைத்தால், அந்த இடத்தில் மேட் மடிந்து மடிந்து ஆறே மாதத்தில் கோடாக வெடிக்கும். சீட் முதுகோடு மேட் ஒட்டி நிற்காமல் நழுவும் என்பது இன்னொரு தொல்லை.

பக்கவாட்டில் ஏறும் வகையில், சீட்டை இறக்கும்போது அதன் கால் தரையிலுள்ள கொக்கியில் பூட்ட வேண்டும். அந்த இடத்தை மேட் மூடிக்கொண்டிருந்தால் சீட் பூட்டியது போலவே தெரியும், ஆனால் பூட்டியிருக்காது. மச்சானின் கிரிஸ்டாவில் இதைக் கண்ணால் பார்த்தேன். பிள்ளைகளைப் பின்னால் உட்கார வைத்துக் காவேரிப்பட்டினம் தாண்டியதும் சீட் லேசாக ஆடியது. நிறுத்திப் பார்த்தால் கொக்கிக்கும் காலுக்கும் நடுவில் விரல் தடிமனுக்கு மேட் சொருகியிருந்தது. முன்னால் கவிழும் வகையிலும் இதே எச்சரிக்கைதான்.

இப்போது கேள்வி. உங்கள் வீட்டில் கடைசி வரிசை வருடத்தில் எத்தனை நாள் நிமிர்ந்திருக்கும்?

பெரும்பாலும் மடங்கியே இருக்கும் என்றால் முழு நீள டிரே. ஆனால் கல்யாணம், திருவிழா என்று சீட்டை நிமிர்த்த வேண்டிய நாளில் அந்த டிரேயை எங்கே வைப்பீர்கள்? வளையாத கெட்டி டிரே என்றால் வண்டிக்குள் வைக்க இடமே இருக்காது, வீட்டில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். சுருட்டி ஓரத்தில் சொருகக்கூடிய வகை இவர்களுக்கு நல்லது.

எப்போதும் நிமிர்ந்தே இருக்கும், பெரிய குடும்பம் என்றால் கடைசி சீட்டின் பின்னால் மட்டும் போடும் சின்ன டிரே. அந்த இடம் எவ்வளவு சின்னது என்பதைக் கண்ணால் பாருங்கள். நான் அளந்த தக்காளி கிரேட் 54 செ.மீ. நீளம், 36 செ.மீ. அகலம். மூன்றாம் வரிசை நிமிர்ந்திருக்கையில் பல 7 சீட்டர்களில் அதைக் குறுக்கே நிறுத்துவதே பெரும்பாடு. கம்பெனி சொல்லும் லிட்டர் கணக்கு இங்கே உதவாது. அல்கஸாரில் மூன்று வரிசையும் நிமிர்ந்திருக்கும்போது 180 லிட்டர் என்கிறார்கள், சரிதான். ஆனால் லிட்டர் கொள்ளளவைச் சொல்லும், தரையின் நீள அகலத்தைச் சொல்லாது. மேட்டுக்கு வேண்டியது தரை.

இரண்டும் மாறி மாறி என்றால், அநேகம் பேர் இந்த வகைதான், இரண்டு துண்டாக வாங்குங்கள். பின்னால் நிரந்தரமாகக் கிடக்கும் சின்ன டிரே ஒன்று, சீட் மடங்கும்போது அதன் மேல் விரிக்கும் மடக்கு விரிப்பு ஒன்று. விரிப்பின் விளிம்பு டிரேயின் உள்ளே விழும்படி போட வேண்டும், வெளியே விழும்படி அல்ல. கூரை ஓடு அடுக்குவது போலத்தான். முன்னால் சிந்தியது வழிந்து டிரேக்குள் வர வேண்டும்.

3. செய்தித்தாளில் அச்சு எடுங்கள்

டேப் வைத்து நீள அகலம் மட்டும் எடுப்பது போதாது. டிக்கித் தரை சதுரமும் இல்லை, செவ்வகமும் இல்லை. வீல் ஆர்ச், அதாவது பின்சக்கரத்துக்கு மேலே வரும் வளைந்த புடைப்பு, இரண்டு பக்கமும் உள்ளே நுழைந்திருக்கும். சில வண்டியில் ஒரு பக்கம் ஜாக்கி டப்பாவின் மூடி, மறுபக்கம் ஸ்பீக்கர். இடதும் வலதும் ஒன்றுபோல இருக்கும் என்று நம்பாதீர்கள்.

டிக்கியைக் காலி செய்து, பெருக்கிவிட்டு, செய்தித்தாளை விரியுங்கள். ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறும்படி வைத்து செல்லோ டேப் ஒட்டி ஒரே தாளாக்குங்கள். பிறகு சுவரோரத்தில் விரலால் அழுத்தி மடிப்புக் கோடு விழச் செய்து, அந்தக் கோட்டில் வெட்டுங்கள். சப்பாத்தி மாவை டப்பா மூடியால் வெட்டுவது போல நேரடியாக வெட்டப் பார்க்காதீர்கள், கத்தரி சுவர் பிளாஸ்டிக்கில் கோடு போட்டுவிடும்.

இரண்டு அச்சு வேண்டும்: சீட் நிமிர்ந்த நிலையில் ஒன்று, மடங்கிய நிலையில் ஒன்று. நிமிர்ந்த நிலை அளவை எடுக்கும்போது கடைசி சீட்டைச் சாய்க்க முடியும் என்றால் முழுவதும் சாய்த்து அளக்கவும். நிமிர்த்தி அளந்து வாங்கிய டிரே, அத்தை சாய்ந்து உட்கார்ந்ததும் சீட்டுக்கும் கதவுக்கும் நடுவில் நசுங்கும்.

அச்சின் மேல் இந்த மூன்று அளவையும் மார்க்கரால் எழுதுங்கள்: வீல் ஆர்ச்சுகளுக்கு நடுவே குறுகிய அகலம், கதவோரத்தில் அகலம், கதவிலிருந்து சீட் வரை நீளம். கடைக்காரர் தரும் அளவோடு ஒப்பிட இவையே போதும்.

அச்சை விட மேட் எல்லாப் பக்கமும் அரை செ.மீ. சிறியதாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக், ரப்பர் வகையெல்லாம் சூட்டில் விரியும். சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய வண்டிக்குள் கறுப்புப் பரப்பு 60 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் ஒரு மீட்டர் அகல மேட் சில மில்லிமீட்டர் கூடும். இடமில்லாவிட்டால் நடுவில் உப்பிக்கொண்டு நிற்கும். உப்பிய மேட்டின் மேல் எண்ணெய் கேன் நேராக நிற்காது.

4. மூடக் கூடாத இடங்களை அச்சில் வட்டமிடுங்கள்

மேனுவலில் டிக்கி படம் இருக்கும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். சாமான் கட்டும் கொக்கிகள், கடைசி வரிசை பெல்ட் பக்கிள், சீட்டை மடக்கும் நாடா, ஜாக்கியும் டூல்ஸும் இருக்கும் மூடி, 12 வோல்ட் சாக்கெட், பின் வரிசை ஏசி காற்று வரும் துவாரம். ஸ்டெப்னியை இறக்கும் போல்ட் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். சில வண்டியில் டிக்கித் தரையில் இருக்கும், சிலவற்றில் பம்பர் பக்கம். ராத்திரி தொப்பூரில் பஞ்சராகி நிற்கும்போது முழு டிக்கியையும் இறக்கி மேட்டைக் கழற்ற வேண்டி வந்தால், அந்த மேட்டை வாங்கிய ஆளைத்தான் திட்டுவீர்கள்.

குழந்தை சீட் போடுகிறவர்கள் ஒன்று கூடுதலாகக் கவனிக்க வேண்டும். குழந்தை சீட்டின் மேல் நாடாவை மாட்டும் கொக்கி பல வண்டிகளில் சீட் முதுகின் பின்பக்கம் இருக்கும். சீட் முதுகையும் சேர்த்து மூடும் மேட் அதை மறைத்துவிடும். அங்கே ஒரு பிளவு விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அந்த மேட் உங்களுக்கு இல்லை.

பவர் டெயில்கேட், அதாவது மோட்டாரில் தானே திறந்து மூடும் டிக்கிக் கதவு, உள்ள வண்டியில், பம்பர் மேல் தொங்கும் நாக்கு மாதிரியான துண்டு லாக் வாயில் சிக்காத நீளத்தில் இருக்க வேண்டும். கிரேட் ஏற்றி இறக்குகிறவர்களுக்கு அந்தத் துண்டு ரொம்ப உபயோகம். பம்பரில் கோடு விழாது. ஏற்றி முடித்ததும் உள்ளே மடித்துப் போடும் வகையாகப் பாருங்கள்.

5. இப்போதுதான் பொருள்

முதல் படியில் எழுதிய ஈரம், எண்ணெய், முனை, தூசியை எடுங்கள்.

*டி.பி.இ.* ரப்பர் போல வளையும் ஒரு வகை பிளாஸ்டிக், வாசம் குறைவு, எடையும் குறைவு, அச்சில் வார்த்தெடுப்பதால் விளிம்பு உயரமாக வரும். ஈரமும் தூசியும் கலந்து வரும் வீட்டுக்கு இதுதான் என் முதல் தேர்வு. எண்ணெய் சிந்தினால் அன்றே துடைத்தால் பிரச்சினை இல்லை. கூர்மையான இரும்புக் காலுக்கு மட்டும் அடியில் ஒரு பலகையோ பழைய சாக்கோ போடவும்.

*கெட்டி ரப்பர்.* மூட்டை, அண்டா, அடுப்பு எல்லாவற்றுக்கும் இது அசையாது. சாமானும் இதன்மேல் நழுவாது. குறை இரண்டு. முதல் மாதங்களில் வாசம் தலைவலி வரவைக்கும். இயற்கை ரப்பருக்கு எண்ணெய் ஆகாது, ஊறினால் உப்பிப் பிசுபிசுக்கும். இன்னொன்றையும் பார்க்க வேண்டும், எடை. வீட்டில் வண்டி கழுவுகிறவரால் தனியாகத் தூக்கி வெளியே எடுக்க முடியாத மேட் கழுவப்படவே போவதில்லை.

*பி.வி.சி.* விலை குறைவு. தடிமனான நல்ல ரகமும் உண்டு, மட்டமானதும் உண்டு. மட்டமானது வெயிலில் தளர்ந்து ஒரு பிளாஸ்டிக் வாசம் அடிக்கும், பிறகு விறைத்துப்போகும். ஒரு மூலையை மடித்துப் பாருங்கள். மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்து அது மறையாமல் நின்றால் வாங்காதீர்கள்.

*இ.வி.ஏ.* செருப்பு அடிப்பாகம் செய்யும் நுரை. கட்டம் கட்டமாகக் குழி இருக்கும், தூசியும் தண்ணீரும் குழிக்குள் இறங்கிவிடும், மேலே வைத்த பை நனையாது. சுருட்டலாம், கைக்கு லேசு. ஆனால் 25 கிலோ அரிசி மூட்டை ஒரு வாரம் கிடந்தால் தடம் பதிந்துவிடும். தொடர்ந்து வெயிலில் காய்ந்தால் ஓரம் சுருங்கும். தகடாக வெட்டித் தைக்கும் வகையில் விளிம்பே இருக்காது.

*7டி லெதர் மேட்.* கடையில் அழகுக்கு இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. எங்கள் இரண்டாவது மேட் இதுதான். மேலே செயற்கை லெதர், நடுவில் நுரை, வைரக் கட்டம் போட்ட தையல். ஒரு கிரேட் தக்காளியில் அடியில் இருந்தவை நசுங்கி, சாறு தையல் ஓட்டை வழியாக நுரைக்குள் போய்விட்டது. மேலே துணியால் துடைத்தால் பளபள. நான்காம் நாள் டிக்கியைத் திறந்தால் ஊறுகாய் ஜாடியைத் திறந்த மாதிரி. எறும்பு வரிசை ஒரு தையலில் நுழைந்து இன்னொரு தையலில் வெளியே வந்துகொண்டிருந்தது. வெயிலில் மூன்று நாள் காயவைத்தும் நுரை காயவில்லை. டிக்கியில் பெட்டி மட்டும் வைப்பவர் தாராளமாக வாங்கலாம். சந்தைக்குப் போகிற வண்டிக்கு ஆகாது.

*கார்பெட்.* சத்தம் குறையும், பெட்டி நழுவாது, தூசிக்குச் சரி. ஈரத்துக்கும் எண்ணெய்க்கும் கிட்டே வராதீர்கள்.

நிறம் கறுப்பு அல்லது அடர் சாம்பல். மாங்காயின் காம்புப் பால் பட்டால் பழுப்புக் கறையாக உறைந்துவிடும், பீஜ் மேட்டில் அது ஆயுசுக்கும் நிற்கும்.

6. விளிம்பையும் அடிப்பக்கத்தையும் தடவிப் பாருங்கள்

கடையில் எல்லோரும் மேட்டின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அதைத் திருப்பிப் போடுங்கள்.

எங்கள் முதல் மேட்டுக்கு மூன்று பக்கம் விளிம்பு உண்டு, கதவுப் பக்கம் மட்டும் தட்டை. சாமான் இழுத்து ஏற்ற வசதி என்றார் கடைக்காரர். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. சேலத்திலிருந்து ஐந்து லிட்டர் கேனில் கடலை எண்ணெய் வாங்கி வந்தோம். மூடி லேசாகத் தளர்ந்திருக்கிறது. சமதளம் வரை ஒன்றும் ஆகவில்லை. தொப்பூர் கணவாயில் ஏறும்போது வண்டியின் மூக்கு மேலே, வால் கீழே. சிந்திய எண்ணெய் முழுக்கக் கதவுப் பக்கம் ஓடி, தட்டை விளிம்பைத் தாண்டி, பிளாஸ்டிக் ஓரத்துக்கு அடியில் இறங்கிவிட்டது. வீட்டில் வந்து டிக்கியைத் திறந்தபோது பம்பரில் இரண்டு கோடாக வழிந்து, நம்பர் பிளேட்டின் மேல் செம்மண் தூசியோடு சேர்ந்து களியாக நின்றது. அந்த ஓரத்துக்குள் போன எண்ணெயின் வாசம் தீபாவளி வரை போகவில்லை.

நம் பக்கத்துச் சாலைகள் அப்படி. தர்மபுரியிலிருந்து சேலம் போனால் இறக்கம், திரும்பினால் ஏற்றம். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போனாலும் ஏற்றம்தான். இறக்கத்தில் சிந்தியது சீட் பக்கம் ஓடும், ஏற்றத்தில் கதவுப் பக்கம். ஆகவே நான்கு பக்கமும் விளிம்பு வேண்டும். கதவுப் பக்கம் மட்டும் கொஞ்சம் தாழ்ந்து, உள்நோக்கிச் சரிவாக இருந்தால் சாமானும் ஏறும், திரவமும் நிற்கும். மற்ற பக்கங்களில் இரண்டு விரல் கிடையாகச் சேர்த்த உயரம் போதும். அதற்கு மேல் உயர்ந்தால் ஏசி துவாரத்தையும் சாக்கெட்டையும் மறைக்கத் தொடங்கும்.

அடிப்பக்கத்துக்கு வருவோம். வண்டித் தரை கார்பெட்டாக இருந்தால் மேட்டின் அடியில் சின்னச் சின்ன முள் போன்ற புடைப்புகள் வேண்டும், கார்பெட்டைப் பிடித்துக்கொள்ளும். தரை பிளாஸ்டிக்காகவோ சீட் முதுகாகவோ இருந்தால் முள் வேலை செய்யாது, மேட் வழுக்கும். அங்கே சொரசொரப்பான ரப்பர் அடி வேண்டும். மேல்பக்கத்தையும் உள்ளங்கையால் அழுத்தித் தள்ளிப் பாருங்கள். கை வழுக்கினால் கிரேட்டும் வழுக்கும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு பிடிப்பான மேட்டும் சாமானைக் கட்டிய மாதிரி ஆகாது. கனமானவை அடியில், சீட்டை ஒட்டி. மேலே வலையோ கயிறோ போட்டுக் கொக்கியில் கட்டுங்கள். சடன் பிரேக் போட்டால் அண்டா போய் நிற்கும் இடம், பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் தலை.

7. கடையில் கேட்பதும் ஆன்லைனில் பார்ப்பதும்

அச்சைச் சுருட்டிக் கையோடு எடுத்துப் போங்கள். வண்டியையும் கொண்டு போங்கள்.

“இது எல்லா 7 சீட்டருக்கும் செட் ஆகும்ணா, ஃபாஸ்ட் மூவிங்” என்பார்கள். அதற்கு அர்த்தம், இது பொது அளவு, வாங்கி வெட்டிக்கொள்ள வேண்டும் என்பது. வெட்டினால் அந்தப் பக்கத்து விளிம்பு போய்விடும். விளிம்பு போன டிரே வெறும் பாய்தான்.

வண்டியின் பெயரை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். “இன்னோவாவுக்குக் கொடுங்க” என்றால் பழைய இன்னோவா, 2016-இல் வந்த கிரிஸ்டா, அதற்குப் பின் வந்த ஹைகிராஸ், மூன்றில் எது? மூன்று டிக்கியும் வேறு. ஸ்கார்பியோ கிளாசிக்கும் ஸ்கார்பியோ-என்னும் அப்படியே. பழைய சஃபாரிக்கும் 2021-இல் வந்த சஃபாரிக்கும் பெயர் மட்டுமே பொது. ஆர்.சி.யில் இருக்கும் மாதம், வருடம், எத்தனை சீட் என்று மூன்றையும் சொல்லுங்கள். எக்ஸ்யூவி 700 ஐந்து சீட்டும் உண்டு, ஏழும் உண்டு. ஐந்துக்கு வார்த்த டிரே ஏழில் உட்காராது. வாத்தியார் இதில்தான் ஏமாந்தார். பெயர் சரி, வருடம் சரி, சீட் எண்ணிக்கை தப்பு.

6 சீட்டர் வைத்திருப்பவர்கள் நடு வரிசையையும் மடக்கிச் சாமான் ஏற்றினால், இரண்டு தனி சீட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை எந்த டிக்கி மேட்டும் மூடாது. அங்கே ஒரு பிளைவுட் துண்டு வெட்டி வைத்துக்கொள்வதே வழி.

ஆன்லைனில் வாங்கினால் விற்பவர் போடும் படத்தை விட, வாங்கியவர்கள் போட்ட படத்தைப் பாருங்கள். வீல் ஆர்ச் மூலையில் இடைவெளி தெரிகிறதா, விளிம்பு நிற்கிறதா சரிந்திருக்கிறதா என்று அதில்தான் தெரியும். மேட்டின் நீள அகலத்தை எழுதாத விற்பனையாளரிடம் கேட்டு வாங்குங்கள், பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். திருப்பி அனுப்பும் கெடு எத்தனை நாள் என்று பார்த்து, கெடு முடியும் முன் அடுத்த படியை முடித்துவிட வேண்டும்.

8. மாட்டும் நாளில் செய்ய வேண்டிய சோதனை

சுருட்டி வந்த மேட் விறைப்பாக, ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்து அளவு தப்பு என்று முடிவு செய்யாதீர்கள். மொட்டை மாடியில் இரண்டு மணி நேரம் வெயிலில் விரித்து, மூலைக்கு ஒரு செங்கல் வையுங்கள். படிந்துவிடும்.

பிறகு வண்டியில் போட்டு, கத்தரியைத் தொடாமல், இந்த வரிசையில் பாருங்கள். கடைசி வரிசையை இரண்டு முறை மடக்கி நிமிர்த்துங்கள், பூட்டும் ‘டக்’ சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும். பெல்ட் பக்கிள் எல்லாம் மேலே இருக்கிறதா பாருங்கள். டிக்கிக் கதவை மெதுவாகச் சாத்துங்கள், கதவு ரப்பருக்கும் மேட்டுக்கும் நடுவில் ஒரு தாளை வைத்து இழுத்தால் வர வேண்டும். பின்பு ஒரு லிட்டர் தண்ணீரை நடுவில் ஊற்றி, வீட்டு வாசல் சரிவில் வண்டியை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். மேட்டைத் தூக்கி அடியில் கை வைத்துப் பாருங்கள். ஈரம் பட்டால் திருப்பி அனுப்புங்கள்.

இதையெல்லாம் தாண்டிய பிறகே வெட்டு. கொக்கிக்கோ பக்கிளுக்கோ ஓட்டை போட வேண்டுமென்றால் சாக்பீஸால் குறித்து, குறித்ததை விடச் சிறியதாக முதலில் வெட்டுங்கள். பெரிதாக்கலாம், சிறிதாக்க முடியாது. முனையைச் சதுரமாக வெட்டாமல் வளைவாக வெட்டினால் அங்கிருந்து கிழியாது.

பழைய மேட்டின் மேலேயே புதியதைப் போடும் பழக்கம் பலருக்கு உண்டு, கூடுதல் பாதுகாப்பு என்ற நினைப்பில். இரண்டுக்கும் நடுவில் தங்கும் ஈரம் காயாது, மேலே உள்ளது வழுக்கும். ஒன்றே போதும்.

9. கழுவுவதும் காயவைப்பதும்

மாதம் ஒரு முறை மேட்டை முழுதாக வெளியே எடுங்கள். மேலே சுத்தமாகத்தான் இருக்கிறது என்று விடாதீர்கள், அடியில் போன ஈரத்தை வேறு எந்த வழியிலும் கண்டுபிடிக்க முடியாது. ஜாக்கியில் துரு ஏறியிருந்தால் ஏற்கனவே தாமதம்.

கார் ஷாம்பூ அல்லது பாத்திரம் விளக்கும் திரவம், நார் பிரஷ், தண்ணீர். இவ்வளவுதான். மாங்காய்ப் பாலுக்கும் தார் கறைக்கும் மண்ணெண்ணெய் போடுவது நம் ஊர் வழக்கம். போடாதீர்கள், ரப்பரும் நுரையும் ஊதிப்போகும். மாங்காய் ஏற்றும்போது முதலிலேயே அடியில் வைக்கோலோ நான்கு தாள் செய்தித்தாளோ போட்டுவிட்டால் பால் மேட்டைத் தொடாது. பளபளப்புக்கு டயர் பாலிஷ் அடிப்பதும் வேண்டாம், அடுத்த பிரேக்கில் பெட்டி சறுக்கி வந்து சீட்டில் மோதும்.

ஒகேனக்கல் மீன் வாடைக்குச் சமையல் சோடாவைத் தூவி, அரை மணி கழித்துக் கழுவினால் பெருமளவு போய்விடும். மீதம் நின்றால் வாடை மேட்டில் இல்லை, அடியில் கார்பெட்டில் இருக்கிறது.

காயவைப்பது நிழலில், கொடியில் தொங்கவிடாமல் சுவரில் சாய்த்து. தொங்கவிட்டால் தன் எடையிலேயே நீண்டு, விளிம்பு வளைந்துவிடும். அடிப்பக்கம் கைக்கு உலர்ந்ததாகத் தெரிந்த பிறகும் ஒரு மணி நேரம் விட்டுவிட்டு உள்ளே போடுங்கள். அந்த நேரத்தில் டிக்கிக் கதவும் திறந்தே இருக்கட்டும். விளக்கு எரிந்து பேட்டரி இறங்காமல் இருக்க, டிக்கி லைட்டை மட்டும் அணைத்துவிடுங்கள்.